ஓட்டை விழுந்த பலாச்சுளை டின்

என் சித்தப்பா மகன் தெமியாங் டவுனில் இருந்தான். நாங்கள் மம்பாவ் பக்கத்து எஸ்டேட்டில் இருந்தோம். இருவருக்கும் ஒரே வயது. மதராசில் ஒரே கல்லூரியில் உணவுப் பதப்படுத்தும் படிப்பை முடித்து, ஒரே கப்பலில் திரும்பினோம். ஆனாலும் அவனைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். அவன் வீட்டைச் சுற்றி முள்கம்பி கிடையாது. வெளியே கிளம்பினால் அவன் பையை எவனும் கிளறமாட்டான். பாவி, அவன் சட்டைகூடக் கசங்காது.

எங்கள் படிப்புக்கு அன்று வேலைகள் அதிகமில்லை. ராணுவ முகாமில் உணவைச் சோதிக்கும் வேலை வெள்ளைக்காரர்களுக்கே. அரசாங்க ரசாயனக்கூடத்தில் மதராஸ் பட்டமா என்று உதட்டைப் பிதுக்கினார்கள். போர்டிக்சன் சாலையில் பழங்களை டின்னில் அடைக்கும் தொழிற்சாலை ஒன்று மட்டும் எங்கள் இருவரையும் கூப்பிட்டது. இருந்தது ஒரே வேலை. சொந்தமாக அடைத்த டின் ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார்கள். கல்லூரியில் நான் அடைத்த பலாச்சுளை டின் ஒன்று மிச்சமிருந்தது. இந்த வேலை கிடைக்காவிட்டால் அப்பாவைப் போல ஆயுசுக்கும் எஸ்டேட் கிராணி ஆபீஸில் கூலிகளின் பேர் எழுதிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

அது அவசரகாலம். காட்டில் ஒளிந்து வெள்ளைக்காரனோடு சண்டைபோடும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாதென்று, கடையில் டின் வாங்கினால் அங்கேயே ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார்கள். ஓட்டையில்லாத டின்னோடு எஸ்டேட் கேட்டைத் தாண்டினால் ஜெயில். அதனால் துரையிடம் அனுமதிச் சீட்டு வாங்கி வைத்திருந்தேன்.

கேட்டில் காவலாளி பையைத் திறந்து பார்த்துவிட்டு, சீட்டைக் கேட்காமலே போகச் சொன்னான். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் தொடை பிசுபிசுத்தது. டின்னின் மூடியில் இரண்டு ஆணி ஓட்டைகள். நான் குளிக்கப் போயிருந்தபோது அம்மா செய்த வேலை.

தொழிற்சாலையில் மேனேஜர் சித்தப்பா மகனுடைய மாம்பழ டின்னைத் திறந்து, ஒரு துண்டைத் தின்று தலையாட்டினார். என்னுடையதைத் தூக்கிப் பார்த்தார். பாகு மேசையில் சொட்டியது. நான் கைக்குட்டையால் மேசையைத் துடைத்தேன். அவன்தான் பேசினான். எஸ்டேட்டில் நடக்கும் சோதனையையும் தாய்மார்களின் பயத்தையும் அழகான இங்கிலீஷில் எடுத்துச் சொல்லி, இது என் குற்றமல்ல என்று எனக்காக வாதாடினான். மேனேஜருக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போனது. ஆட்களைக் கட்டி மேய்க்க இப்படி ஒருவன்தான் வேண்டும் என்று அங்கேயே கைகுலுக்கினார். அவன் கையைத்தான்.

வீட்டில் அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள்.

"கேட்ல ஒன்னும் சொல்லலியேப்பா? சீட்டெல்லாம் நம்ப முடியாதுலா. அதான் நானே குத்தி வெச்சேன்."

"ஒன்னும் சொல்லலம்மா."

"வேல?"

"அவனுக்குக் கெடச்சிருச்சு."

அம்மா என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள்.

"அவனும் நம்ம புள்ளதானே. ஒனக்காக ஒரு வார்த்த பேசியிருப்பானே?"

"பேசுனாம்மா" என்றேன்.

பேசாமல் இருந்திருந்தால் அவனை மன்னித்திருப்பேன்.