எட்வின் பெயர் சொல்லாத பறவை

எட்வின் கெட்ஜ் இங்கிலாந்தின் நார்ஃபோக் கரையோரம் பஸ் ஓட்டுகிறவர். விடுப்பு நாளில் கதவைத் திறந்ததும் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றுதான் முதலில் பார்ப்பார். மே மாதத்தில் தெற்குக் காற்று வீசினால் பறவை பார்க்கும் பித்துப் பிடித்த எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு வேலை ஓடாது. வழி தப்பிய பறவைகள் அதில்தான் வந்து சேரும்.

போன வசந்தத்தில், எங்கள் பக்கம் அபூர்வமாகவே வரும் செம்பிட்டத் தகைவிலானைக் கண்டதாக அவர் எல்லோருக்கும் செய்தி அனுப்பினார். ஊரே ஓடியது. வந்து பார்த்தால், எங்கள் கூரையோரங்களில் கூடு கட்டும் சாதாரண வெண்பிட்டத் தகைவிலான். சேறு அள்ளும்போது அதன் வெள்ளைப் பிட்டத்தில் செம்மண் அப்பியிருந்தது. அதற்குப் பிறகு எட்வின் எதைச் சொன்னாலும், "பறவை குளிச்சாச்சா?" என்று கேட்டார்கள். அவரும் சொல்வதை நிறுத்திக்கொண்டார்.

இந்த மே மாத ஞாயிறு காலை, கடற்சுவரை அடுத்த உப்புநீர் ஏரியின் மேல் மறுபடி ஒரு செம்பிட்டம். கைபேசியை எடுத்தவர் திரும்பவும் பைக்குள் போட்டார். போன முறை முதுகை மட்டும் பார்த்து அவசரப்பட்டிருந்தார். இந்த முறை அது தலைக்கு மேலே வரும்வரை காத்திருந்து வாலடியைப் பார்த்தார்; வெண்பிட்டத்துக்கு அங்கே வெள்ளையாக இருக்கும்.

ஆட்கள் வருவதற்குள் அது போய்விட்டால் அவர் சொல்லுக்கு இனி மதிப்பே இருக்காது. ஆனால் எங்களிடையே தவறாகச் சொன்னவரைக்கூட மன்னிப்போம், மறைத்தவரை மன்னிக்க மாட்டோம். எல்லோரையும்விட அதிகமாகக் கேலி செய்த மார்ஜரி மேஸைக் கைபேசியில் கூப்பிட்டார். அவள் பார்த்து ஒத்துக்கொண்டால் மற்றவர்கள் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். நான் அப்போது அவள் வீட்டுச் சமையலறையில் இருந்ததால் பேச்சு எனக்கும் கேட்டது.

"பேரு நான் சொல்லப் போறதில்ல, மார்ஜரி. பாத்தத மட்டும் சொல்றேன். பிட்டமும் பிடரியும் வெளிறுன செம்மை. வாலடி மையில தோச்ச மாதிரி கறுப்பு."

"பாத்தியா, இல்ல பாக்கணும்னு ஆசப்பட்டியா?"

"பாத்தேன்."

"போன தடவ பல் டாக்டர் நாற்காலியிலேர்ந்து எந்திரிச்சு வந்தேன். இப்ப அடுப்புல கறி வேகுது," என்றவள் அடுப்பை அணைத்தாள்.

நாங்கள் போனபோது பறவை இல்லை. எட்வின் தண்ணீரையே பார்த்தபடி நின்றார். மார்ஜரி அவருடைய பிளாஸ்கிலிருந்து தேநீரை ஊற்றிக் குடித்து, வெந்நீர் இதைவிட ருசி என்றாள். ஆனால் கிளம்பவில்லை.

மேகம் கவிந்து தூறல் விழுந்ததும், பூச்சிகளைத் துரத்திக்கொண்டு தகைவிலான்கள் தாழ இறங்கின. மார்ஜரியின் தொலைநோக்கி அவற்றில் ஒன்றைத் தொடர்ந்தது. அது எங்கள் பக்கம் திரும்பி, கறுத்த வாலடி தெரிய மேலே எழுந்தது. அவள் தொலைநோக்கியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். பிறகு எல்லோருக்கும் அனுப்பக் கைபேசியில் தட்டியதைப் படித்துக் காட்டினாள்: செம்பிட்டத் தகைவிலான். கண்டவர், எட்வின் கெட்ஜ்.

"எம் பேரு வேணாமே," என்றார் எட்வின்.

"மொதல்ல பாத்தது நீதானே? பேசாம இரு."

சற்று நேரத்தில் கார்கள் வரத் தொடங்கின. முதலில் இறங்கிய ஆள் மார்ஜரியைத் தாண்டி வந்து, பறவை எந்தப் பக்கம் என்று எட்வினிடம் கேட்டான். அவர் கையை நீட்டினார்.