காங்கேயம் கிளையின் ஸ்விட்ச்

நெட்வொர்க் பரீட்சைக்கு வீட்டில் வைத்துப் பழக கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் ஸ்விட்ச் பெட்டி ஒன்றை மலிவாகத் தேடி, காந்திபுரத்தில் ஒரு பழைய சாமான் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒல்லி, கண்ணாடி எப்போதும் நெற்றியில் இருக்கும். எந்தப் பெட்டியையும் ஓடவிட்டு, அதன் முதுகில் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்த்த பிறகே விற்பார்.

அன்றும் வைத்துப் பார்த்தார். அதோடு இணைத்த லேப்டாப் திரையில் ஸ்விட்சின் பெயர் வந்தது. எங்கள் கம்பெனியின் காங்கேயம் கிளை. அந்தப் பெயரைப் போட்டவனே நான்தான்.

"ஏனுங்க, இது எப்ப வந்துச்சு?"

"நேத்துத்தானுங்க. ஆபீச மூடிப்போட்டாங்களாம். கோயமுத்தூர் ஆபீஸ் சாமானும் திங்கக்கெழம வருதுன்னாங்க. பொறுத்தீங்கன்னா நல்லதாப் பாத்து எடுத்துக்கலாமுங்க."

அந்த ஆபீசில்தான் நான் வேலை பார்க்கிறேன். திரையில் இருந்த பெயரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு அதே உள்ளங்கையை என் முதுகில் வைத்தார். வெகுநேரம் கையை எடுக்கவில்லை.