நல்ல மனுசனுக்கு ஒரு துவக்கு

ஒஸ்லோவில் நான் வேலை செய்த வயோதிபர் இல்லத்தில், சமையலறைக்குப் பக்கத்தில் ஊழியர்கள் சாப்பிட ஒரு சின்ன அறை இருந்தது. அன்று மதியம் அங்கே தொலைக்காட்சியில் அமெரிக்காவைக் காட்டினார்கள். பெரிய மண்டபம் ஒன்றில் மேசை மேசையாகத் துவக்குகளை, கைத்துப்பாக்கியில் இருந்து வேட்டைத் துவக்குவரை, பரப்பி வைத்து விற்கிறார்கள். சந்தையில் கத்தரிக்காயைத் தூக்கிப் பார்ப்பதுபோல் சனம் தூக்கிப் பார்க்கிறது. வாங்க வருகிறவன் யார், முன்னர் என்ன செய்தவன் என்று விசாரித்த பிறகுதான் அந்தச் சந்தைகளில் விற்கவேண்டும் என்று ஒரு சட்டம் கொண்டுவரப் பார்க்கிறார்களாம். அதற்கும் அங்கே எதிர்ப்பாம்.

என்னோடு வேலை செய்த நோர்வேஜியப் பெண்கள் பாணில் பழுப்புச் சீஸை வைத்துக் கடித்தபடி தலையை ஆட்டினார்கள். "பாவம் அந்தச் சனங்கள். இதையெல்லாம் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்களே! இங்கே பொலிஸ் ஆளை விசாரித்துச் சரி என்றால்தான் வாங்கலாம்" என்றாள் ஒருத்தி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையில் இருந்த கோப்பையை நான் வைத்த வேகத்தில் கோப்பி தெறித்து அவளுடைய பாண் நனைந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டேன். அவள் சொன்னதில் பொய் இல்லை, அதுதான் என் ஆத்திரம். இங்கே விசாரிக்கத்தான் செய்கிறார்கள். என் தங்கையின் கணவனையும் விசாரித்தார்கள். விசாரித்து, இவன் நல்லவன், கொடுக்கலாம் என்று கொடுத்தார்கள். நான் அந்தப் பாணைத் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில் அந்தத் துவக்கு நகரத்தின் ஓரத்தில், ரொம்சோஸில், என் தங்கை படுக்கிற அறையில், அவளுடைய கட்டிலுக்கு நேர் எதிரே ஓர் இரும்பு அலுமாரிக்குள் நின்றுகொண்டிருந்தது.

வெளியில் அவனைப்போல ஒரு மனிதனைத் தேடினாலும் கிடைக்காது. கோயிலில் அன்னதானம் என்றால் விடியவே வந்து வெங்காயம் உரிப்பான். யாராவது வீடு மாறுகிறார்கள் என்றால் கேட்காமலே வானைக் கொண்டுவந்து நிறுத்துவான். விளையாட்டுப் போட்டியில் எங்கள் பிள்ளைகளுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுப்பான். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினால் என் தங்கைக்கு அடிப்பான். பெரிய காரணம் ஒன்றும் தேவையில்லை. குழம்பில் உப்பு, பிந்தி வந்த பஸ், அவளுடைய சம்பளத்தில் அவள் எனக்கு வாங்கித் தந்த ஒரு சேலை. கட்டையில் போவான்!

ஒஸ்லோவில் மாரி தொடங்கினால் பனி உறைந்து நடைபாதை எல்லாம் கண்ணாடிதான். வெள்ளை, கறுப்பு என்றில்லாமல் எல்லோரும் வழுக்கி விழுவார்கள். எங்கள் குடும்பத்துக்கு அது பெரிய வசதியாகப் போய்விட்டது. தங்கைக்குக் கை முறிந்தால் ஐஸில் வழுக்கி விழுந்துவிட்டாள். உதடு வெடித்தால் ஐஸ். கன்னம் கறுத்தால் ஐஸ். வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போகிற எங்கள் அண்ணா முந்திக்கொண்டு சொல்லிவிடுவார், அவள் வாய் திறக்கவே தேவையில்லை. அவளோடு வேலை செய்த பெண்கள் பரிதாபப்பட்டு, சப்பாத்துக்குக் கீழே மாட்டுகிற இரும்பு முள்ளு ஒரு சோடி வாங்கி அழகாகச் சுற்றி அவளுடைய பிறந்தநாளுக்குப் பரிசு கொடுத்தார்கள். அவளும் அதை மாட்டிக்கொண்டுதான் திரிந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறது என்பார்களே, நாங்கள் மறைத்தது உயிருள்ள ஒரு பெண்ணை.

பொலிசுக்குப் போவோம் என்று நான் சொன்ன ஒவ்வொரு தடவையும் அண்ணா குதித்தார். "பொலிசுக்குப் போனால் குடும்ப மானம் கப்பல் ஏறீடும். நாங்களே கதைச்சுத் தீர்ப்பம்." அவர் தீர்த்த விதத்தைச் சொல்கிறேன், கேளுங்கள். புருசெத்தில் அண்ணாவின் வீட்டில் கூட்டம். கோயில் நிர்வாகத்தில் இருந்த, ஊரில் படிப்பித்த ஒரு பெரியவர் வந்தார். எல்லோரும் அவரை மாஸ்டர் என்போம். தேத்தண்ணி, பற்றீஸ், பயற்றம் பணியாரம். குற்றவாளிக்கும் ஒரு தட்டு! பிறகு கற்பூரம் கொளுத்தி அணைத்துச் சத்தியம் பண்ணவேண்டும். முந்தின கூட்டத்தில் கற்பூரப் புகைக்கு முகட்டில் இருந்த புகை அலாரம் கத்தி, கீழ்வீட்டுக் கிழவன் ஏறி வந்துவிட்டான். அதனால் இந்த முறை அண்ணா கதிரையில் ஏறி நின்று அலாரத்துக்குப் பிளாஸ்டிக் பையைச் சுற்றி றப்பர் வளையம் போட்டார். தங்கையின் கணவன் கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்து, இனிக் கை வைக்க மாட்டேன் என்று அழுதான். மாஸ்டரும் கண்ணைத் துடைத்தார்.

"வீட்டுக்கு வீடு வாசற்படி, பிள்ளை. இதைப் பெரிசுபடுத்தப்படாது" என்றார் மாஸ்டர் என்னைப் பார்த்து.

"வாசற்படிதான் மாஸ்டர். ஆனால் இவள் மட்டும் ஏன் அதிலை விழுந்து விழுந்து எழும்புறாள்?" என்றேன்.

"வாயைக் குறை" என்றார் அண்ணா. தங்கை குசினிக்குள் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவளுக்காக நடந்த கூட்டத்தில் அவளுக்குக் கதிரை இல்லை. நான் அவளிடம் போனபோது, பொலிசுக்குப் போகமாட்டேன் என்று தன் மகளின் தலையில் என் கையை இழுத்து வைத்துச் சத்தியம் வாங்கிவிட்டாள்.

அடுத்த வருடம் அவன் வேலை செய்த பண்டகசாலையில் சிலர் இலையுதிர் காலத்தில் வேட்டைக்குப் போகிறவர்கள், இவனையும் வா என்றார்கள். ஊரில் கோழி உரிக்கச் சொன்னாலே ஓடி ஒளிகிறவன் என்று அவனே சொல்லிச் சிரிப்பான். துவக்குச் சத்தத்துக்குப் பயந்துதான் நாங்கள் எல்லோரும் கடல் கடந்து வந்தோம், அவனும் அப்படித்தான் வந்தான். இப்போது துவக்கு வேண்டுமாம். வேட்டைக்காரருக்கான பரீட்சை எழுதினான், பாஸ் பண்ணினான். பொலிசிடம் அனுமதி கேட்டான். பொலிஸ் இவன்மேல் ஏதும் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தது. என்ன இருக்கும்? வழித்துத் துடைத்த சட்டி மாதிரித்தான் இருந்தது. துடைத்தவர்கள் நாங்கள்.

நகரத்துக்கு வெளியே ஒரு விளையாட்டு மண்டபத்தில் வேட்டைக்காரர்களும் பழைய சாமான் சேர்ப்பவர்களும் கூடி விற்று வாங்கும் சந்தை நடந்தது. குடும்பத்தோடு ஒரு சுற்று என்று சொல்லி, எங்களையும் வானில் ஏற்றிக்கொண்டு போனான். நோர்வேஜியக் குடும்பங்கள் பிள்ளை குட்டியோடு வபிள் தின்றுகொண்டு திரிந்தன. கம்பளி மேற்சட்டை போட்ட ஒரு வயதானவர் இரட்டைக் குழல் துவக்கு ஒன்றை விற்க வைத்திருந்தார். அவர் நேர்மையான மனிதர், குறை சொல்ல முடியாது. பொலிஸ் கொடுத்த அனுமதியை முழுக்க வாசித்தார். அடையாள அட்டையில் இருந்த முகத்தையும் இவனுடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் தங்கையைப் பார்த்துச் சிரித்தார்.

"பயப்படாதீர்கள். உங்கள் கணவரை விசாரித்துப் பார்த்துத்தான் அனுமதி கொடுத்திருக்கிறார்கள்" என்றார்.

நான் வாயைத் திறந்துவிட்டேன். தங்கை என் முழங்கையில் தோல் பிய்கிற மாதிரி நுள்ளினாள். "அக்கா, உன்னைக் கும்பிட்டன், இஞ்சை வேண்டாம்" என்றாள் காதுக்குள். வீட்டுக்கு வரும்வரை வானுக்குள் அவன் பாட்டுப் போட்டுத் தாளம் தட்டிக்கொண்டு வந்தான்.

அதற்குப் பிறகு அவன் அடிக்கவில்லை. சத்தியமாக அடிக்கவில்லை. அந்த மாரியில் என் தங்கை ஒரு தடவை கூட ஐஸில் விழவில்லை. அண்ணாவுக்கு வாயெல்லாம் பல். மாஸ்டர் கோயிலில் என்னைக் கண்டதும், "பாத்தியே பிள்ளை, கற்பூரம் வேலை செய்யுது. நீ பொலிஸ் பொலிஸ் எண்டு துள்ளினாய்" என்றார். எனக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்தது என்றால் பாருங்கள்.

ஒரு நாள் தங்கை மகளையும் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். உடுத்த சேலை இடுப்பில் நிற்காதபடி மெலிந்து போயிருந்தாள்.

"இப்ப அடிக்கிறேல்லைத்தானே? பிறகென்னடி?" என்றேன்.

"அடிக்கிறேல்லை அக்கா. நான் ஏதும் கேட்டால் எழும்பிப் போய் அலுமாரியைத் திறக்கிறார். துவக்கை எடுத்துவந்து குசினி மேசையிலை வைச்சு எண்ணெய் போட்டுத் துடைக்கிறார். ஒண்டும் கதைக்கிறேல்லை. நான் வாயை மூடினாப் பிறகு திரும்பக் கொண்டுபோய் வைக்கிறார்."

"நீ அப்பிடி என்ன கேட்டனி?"

"பிள்ளைக்குச் சப்பாத்து சின்னனாப் போச்சு எண்டனான்."

பிள்ளை எங்கள் பக்கத்தில் இருந்து படம் கீறிக்கொண்டிருந்தது. தலையை நிமிர்த்தவே இல்லை. இப்படியான கதை நடக்கும்போது தலை நிமிர்த்தக்கூடாது என்று அந்த வயதிலேயே அது படித்திருந்தது.

அதற்கு அடுத்த கிழமைதான் அந்தத் தொலைக்காட்சியும் கோப்பியும். அமெரிக்காக்காரர் விசாரிப்பதா வேண்டாமா என்று அடிபடுகிறார்கள். இங்கே விசாரணை இருந்தும் நாங்கள் அதன் வாய்க்குள் துணியை அடைத்துவிட்டோம். நான் மேலங்கியை எடுத்துக்கொண்டு, தலையிடி என்று சொல்லிவிட்டு நேரே பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். தலையில் வாங்கிய சத்தியம் பாழாகப் போகட்டும், தலை இருந்தால் போதும்.

வேற்று மொழியில் கோபப்படுவது லேசில்லை. சொல் வருவதற்குள் கண்ணீர் வந்துவிடுகிறது. ஆனாலும் கற்பூரம் வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டினேன். கேட்டுக்கொண்டிருந்த பொலிஸ்காரிக்கு என் மகளின் வயதிருக்கும். "இதற்கு முன்னர் யாராவது எங்களிடம் சொன்னீர்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "எங்களிடம் சொன்னதைத்தான் நாங்கள் தேடிக் கண்டுபிடிக்கலாம்" என்றாள். கடுமையாகச் சொல்லவில்லை. ஆனால் கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது.

விசாரித்து முடியும்வரை என்று சொல்லித் துவக்கை எடுத்துப் போனார்கள். அவன் சிரித்த முகத்தோடு அலுமாரித் திறப்பை எடுத்துக் கொடுத்தானாம், தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்றும் கேட்டானாம். அண்ணாவை விசாரித்தார்கள்: தங்கமான பிள்ளை. மாஸ்டரை விசாரித்தார்கள்: எனக்கு ஒன்றும் தெரியாது, மிகவும் பக்தியுள்ள பையன். கற்பூரத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற மனிதருக்கு ஒன்றும் தெரியாதாம்! வேலிக்கு ஓணான் சாட்சி. கடைசியாகத் தங்கைதான் மிச்சம். அவளும் ஒன்றும் இல்லை என்று சொன்னால் துவக்கு திரும்பி வீட்டுக்கு வரும். வந்தால் இந்த முறை துடைத்துவிட்டு உள்ளே வைப்பான் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. அவளுக்கும் இல்லை. எங்கள் சனத்தின் காதுக்குப் போய்விடும் என்று மொழிபெயர்ப்பாளரும் வேண்டாம் என்றுவிட்டாள்.

அண்ணாதான் அவளைப் பொலிசுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். "என்ன கேட்டாலும் ஐஸ் எண்டு சொல்லு, விளங்கிச்சே?" என்று என் முன்னாலேயே சொன்னார். அவளைத் தனியாக உள்ளே கூப்பிட்டார்கள். நானும் அண்ணாவும் வெளியே ஒரே மர வாங்கில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தோம். உள்ளே நடந்ததை அவள் பிறகு எனக்குச் சொன்னாள்.

கை முறிந்ததைப் பற்றிக் கேட்டாள் பொலிஸ்காரி. ஐஸ். உதடு? ஐஸ். பிறகு அவளுடைய புருவத்துக்கு மேலே இருந்த தழும்பைக் காட்டி, இது எப்போது வந்தது என்று கேட்டாள். அந்தக் காயத்துக்கு வைத்தியரிடம் போகவில்லை, நான்தான் பிளாஸ்டர் ஒட்டினேன். தங்கைக்கு நாள் நன்றாக ஞாபகம். மகளுக்குக் கோடை விடுமுறை தொடங்கிய அன்று, பள்ளிக்கூடத்தில் எல்லோரும் ஐஸ்கிறீம் தின்றுவிட்டு வந்த பின்னேரம். அப்படியே சொன்னாள். "எப்படி வந்தது?" என்று பொலிஸ்காரி கேட்டாள்.

"ஐஸில் வழுக்கி விழுந்தேன்" என்றாள் என் தங்கை.

அவ்வளவு பழகிப்போயிருந்தது அந்தப் பொய்! பொலிஸ்காரி பேனையை மேசையில் வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். தான் சொன்னது தன் காதிலேயே விழ, தங்கைக்கு முதலில் சிரிப்பு வந்ததாம். சிரித்துச் சிரித்து, அது அழுகையாகி, பிறகு வாய் மூடவில்லை. வெளியே இருந்த எங்களுக்கும் அந்தச் சத்தம் கேட்டது. அண்ணா எழும்பிக் கதவடிக்குப் போனார். நான் போய்க் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டேன். "அண்ணா, இருங்கோ. அவள் கதைக்கிறாள்" என்றேன். அவர் என்னை அடிக்கக் கை ஓங்கினார், பிறகு நிற்கிற இடத்தைப் பார்த்துவிட்டு இறக்கினார்.

துவக்கு திரும்பி வரவில்லை. அவன்மேல் வழக்குப் போனது. தங்கையும் மகளும் என்னோடு இருந்தார்கள். கோயிலில் மாஸ்டர் என்னைக் கண்டால் செருப்பை மாட்டுகிற சாட்டில் குனிந்துகொள்வார். அவன் பக்கத்துச் சனம் குறொன்லாண்டில் உள்ள தமிழ்க் கடையில் மரக்கறி பொறுக்குகிற இடத்தில் எனக்குக் கேட்கட்டும் என்று கதைத்தார்கள். கேட்டுக்கொண்டே முருங்கைக்காய் பொறுக்கினேன்.

அண்ணா நெடுநாள் கதைக்கவில்லை. பிறகு ஒரு நாள் தொலைபேசியில் எடுத்தார். தங்கை எப்படி இருக்கிறாள் என்று கேட்க எடுக்கிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

"அவன்ரை பேர் பொலிசிலை ஏறிப் போச்சு" என்றார். "இனி அவன் எங்கை போய் என்னத்தைக் கேட்டாலும் இதுதான் முன்னாலை வந்து நிக்கும். உனக்கு இப்பச் சந்தோசமோ?"

"ஓம் அண்ணா" என்றேன். "அதுக்குத்தான் போனனான்."