கன்னத்துக்கு மட்டும் சொல்லும் புத்தி

கடற்கரை ஊரான கண்டக்குழியில் இருந்துகொண்டு, வெள்ளிக்கிழமை இறைச்சி சாப்பிடாததைத் தவம் என்று சொன்னால் கடவுளே சிரிப்பார். எங்களுக்கு வாரம் முழுவதும் மீன்தான். அதனாலோ என்னவோ, உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய தவக்காலம் தொடங்கியதும் மறைக்கல்வி வகுப்பு சிஸ்டர் பிள்ளைகளிடம் ஆளுக்கொரு ஒறுத்தலைத் தெரிவுசெய்யச் சொன்னார். பிடித்தமான ஒன்றை விட்டுவிட்டு, அந்தக் கஷ்டத்தை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுப்பதுதான் ஒறுத்தல். என்ன ஒறுத்தல் என்று ஒருவருக்கும் சொல்லக்கூடாது, சொன்னால் பலன் போய்விடும் என்றும் சொல்லிவிட்டார். வழக்கமாகப் பிள்ளைகள் டொபியை விடும், கார்ட்டூனை விடும். நான்காம் ஆண்டு படிக்கும் என் மகள் எதை விட்டாள் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலிருப்பதே பெரிய பக்தி என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அடுப்படிக்கு ஓடுவாள். பானையில் இருக்கிற சோற்றை நின்ற நிலையில் அள்ளிச் சாப்பிடுவாள். காலையில் கட்டிக்கொடுத்த சாப்பாடு என்னவாயிற்று என்று கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு, "அது சொல்லக்கூடாதம்மா" என்பாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சாப்பாடு இல்லாத ஏதோவொரு பிள்ளைக்குக் கொடுக்கிறாள் என்று நானே முடிவுகட்டினேன். பக்கத்து வீட்டிலும் எதிர் வீட்டிலும் போய்ச் சொல்லிப் பெருமைப்பட்டும் ஆயிற்று.

அந்தப் பெருமையைக் கலைத்தவர் பள்ளிக்கூட வேன் ஓட்டும் முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்று கூப்பிடுபவர். ஒரு பின்னேரம் மகளை இறக்கிவிட்டவர், அவள் வீட்டுக்குள் போகும்வரை பார்த்திருந்து என்னைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, ஒங்கட புள்ள நோம்பா?"

"ஏன் நானா?"

"காலையில ஏறினதும் சாப்பாட்டுப் பொட்டிய அந்தப் பெரிய புள்ளைட கைல குடுக்குது. பொறகு கீழ குந்திக்கிட்டு வருது. சீட் இரிக்கி, இருக்க உடுறாங்க இல்ல. மீன் நாத்தம் எண்டு மூக்கப் பொத்துறாங்க. நானும் ஏசிப் பாத்துட்டன், கேக்குறாங்க இல்ல. எங்கட புள்ளைகளும் நோம்பு புடிக்கும் தங்கச்சி. இப்பிடி அழுதழுது புடிக்காது."

அந்தப் பெரிய பிள்ளை வேறு யாருமில்லை. என் கணவர் வேலை செய்யும் மீன்பிடிப் போட்டுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியின் மகள். ஞாயிறு பூசையில் பாடகர் குழுவில் முன்வரிசை. மீன் நாத்தமாம். அவள் அப்பாவின் போட் கரைக்குக் கொண்டுவருவது என்ன, மல்லிகைப்பூவா?

உள்ளே போய் மகளிடம் கேட்டேன். அவளுக்குக் கோபம், நான் கண்டுபிடித்துவிட்டேனே என்று.

"அதுதான் என்ட ஒறுத்தல். நீங்க கேட்டு வீணாக்கிட்டீங்க. இயேசுவும் அடிக்கக்குள்ள ஒண்டும் சொல்லல்லதானே. உயிர்த்த ஞாயிறோட எல்லாம் முடிஞ்சிடும்."

"ஆரு முடிப்பாங்க?"

தவக்காலம் முடிய அந்த அக்காவும் விட்டுவிடுவாள் என்று என் பிள்ளை உண்மையாகவே நம்பிக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை.

முதலில் கணவரிடம் கொட்டினேன். வலையில் சிக்கிய நண்டைக் கழற்றிக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை. "அவங்கட போட்லதானே போறன். பாத்துக் கதை" என்றார். சிஸ்டரிடம் போனேன். "நல்ல மனசுள்ள பிள்ளை. அந்த மற்றப் பிள்ளைக்காகவும் செபிப்பம்" என்றார். செபிப்போம், வேண்டாமென்று யார் சொன்னது? செபித்து எழும்பிய பிறகு என்ன செய்வது என்றுதான் நான் கேட்டேன். வகுப்பு ஆசிரியை இரண்டு பேரையும் கூப்பிட்டுக் கைகுடுக்க வைத்துப் பிரச்சினையைத் தீர்த்துவிட்டார். அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்தவளின் கையில் கிள்ளிய அடையாளம் இருந்தது.

மறு கன்னத்தைக் காட்டவேண்டும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதை எப்போதும் அடிவாங்கிய கன்னத்திடம்தான் போய்ச் சொல்கிறார்கள். அடித்த கைக்குப் புத்தி சொல்ல ஒரு ஆளைக் காணோம். ஆண்டவர் ஒன்றும் சொல்லவில்லையாம். விசாரணையில் காவலன் கன்னத்தில் அறைந்தபோது, நான் பேசியதில் பிழையிருந்தால் காட்டு, இல்லாவிட்டால் ஏன் அடிக்கிறாய் என்று கேட்டவர் அவர்தான். ஒவ்வொரு பெரிய வெள்ளியும் கோவிலில் அதை வாசிக்கும்போது எழுந்துநின்று கேட்கிறோம். அந்த இடம் வரும்போது எல்லோருக்கும் கால் கடுக்கத் தொடங்கிவிடுகிறது போலும்.

அந்த வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்ததும் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு சம்மாட்டி வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி கதிரை போட்டு, தேத்தண்ணி தந்து, நான் சொன்னதையெல்லாம் சிரித்த முகத்தோடு கேட்டாள். "சின்னப் பிள்ளையள்ட விளையாட்டுத்தானே" என்றாள். பிறகு தன் மகளைக் கூப்பிட்டாள்.

"நான் பறிக்கல்ல," என்றாள் அந்தப் பிள்ளை. "அவவாத்தான் தந்தவ."

சம்மாட்டியின் மனைவி என் மகளைப் பார்த்தாள். "நீங்களாவா மகள் குடுத்தீங்க?"

"ஓம்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. பொய் சொல்லக்கூடாது என்று வளர்த்ததும் நான்தானே. அந்தப் பெரிய பிள்ளை கேட்கமுன்னமே பெட்டியை நீட்டினால் கிள்ளு விழாது என்று கண்டுகொண்டு, அப்படி நீட்டியதை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்திருந்தாள். அவளைக் கேட்டால் அது கொடுத்ததுதான். மகளின் கையைப் பிடித்தேன். எழும்பி வெளியே வந்தேன்.

வேலியோரத்தில் அவளை நிறுத்தினேன்.

"நீ விரும்பி விட்டாத்தான் மகள் அது ஒறுத்தல். பயத்துல குடுத்தா அது அவ பறிச்சது."

"அப்ப நான் இந்தத் தவக்காலம் ஒண்டுமே செய்யல்லயா?"

கேட்டுவிட்டு விக்கி விக்கி அழுதாள். பசியோடு வந்தபோதும் கிள்ளு வாங்கி வந்தபோதும் என் முன்னால் அழாதவள். சாப்பாட்டை அந்தப் பிள்ளை எடுத்தாள். அதில் மிஞ்சியிருந்த ஒரு பெருமையையும் பிடுங்கியது நான். புத்தி சொல்ல ஊரெல்லாம் ஆளிருக்கிறது, அந்த நேரத்தில் மட்டும் பக்கத்தில் ஒரு சிஸ்டரும் இல்லை, ஒரு பங்குச் சுவாமியும் இல்லை.

"இன்னும் நாள் இருக்கு," என்றேன். "இப்ப உனக்கு ஆகக் கஷ்டமானது எது?"

மூக்கைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள்.

"திரும்ப உள்ள போறது."

கணவருக்கு நாளைக்குப் போட்டில் இடம் இருக்குமா என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு வேலிப் படலையைத் திறந்தேன்.

சம்மாட்டியின் மனைவி கோப்பைகளை எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் மகள் வாசற்படியில் நின்றாள். என் மகள் என் கையை விட்டுவிட்டு அவளுக்கு முன்னால் போய் நின்றாள்.

"நீங்க கிள்ளுவீங்க எண்டுதான் தந்தனான், அக்கா. இனித் தரமாட்டன்."

கையைத் திருப்பி அடையாளத்தைக் காட்டினாள். சம்மாட்டியின் மனைவி கோப்பைகளைக் கீழே வைத்துவிட்டு அதைக் குனிந்து பார்த்தாள். அதன்பிறகு என் பிள்ளையிடம் ஒன்றும் கேட்கவில்லை. தன் மகளின் பக்கம் திரும்பினாள்.

"இது நீங்க செஞ்சதா, மகள்?"