பார்க்காதவளுக்கு ஒரு மலை

பல் செட் செய்பவருக்கு வாய்கள் தெரியும், முகங்கள் தெரியாது. டாக்டர்கள் அனுப்பும் அச்சில் பிளாஸ்டரை ஊற்றி, இறுகியதும் தட்டிப் பிரித்தால் யாரோ ஒருவருடைய ஈறு உள்ளங்கையில் உட்கார்ந்திருக்கும். அதன்மேல் மெழுகு வைத்துப் பல் வரிசை கட்டுவார். பிறகு பவுடரையும் லிக்விடையும் குழைத்து அடைத்து, வேகவைத்து, மோட்டாரில் தேய்த்துப் பளபளப்பாக்கி அனுப்பிவிடுவார். அதைப் போட்டுக்கொண்டு சிரிப்பது யார் என்று அவருக்குத் தெரிந்ததில்லை.

"அதான் உங்களுக்கு இந்தப் பைத்தியம்" என்பாள் மனைவி. "முகம் தெரியாதவங்களோடயே குடும்பம் நடத்திப் பழகிப்போச்சு."

பைத்தியம் என்று அவள் சொன்னது போஸ்ட்கார்டை. இணையதளம் ஒன்று, உலகத்தில் எங்கோ இருக்கும் ஒருவருடைய முகவரியைக் கொடுக்கும். அவருக்கு ஒரு பட அட்டை அனுப்ப வேண்டும். அது போய்ச் சேர்ந்ததும் வேறு யாரோ இவருக்கு ஒன்று அனுப்புவார். அவ்வளவுதான் ஏற்பாடு. உறை கிடையாது. வழியில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், தொலைக்கலாம். தெருமுனைப் பெட்டியில் போட்டது கடல் தாண்டிப்போய், பனி மூடிய ஒரு வாசலில் விழுகிறது என்பதை அவரால் எத்தனை முறை ஆனாலும் நம்ப முடியவில்லை. சேர்ந்துவிட்டதாகச் செய்தி வந்தால் மோட்டாரை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நிற்பார்.

அவசரத்தில் ஒருமுறை முகவரியை மட்டும் பார்த்து எழுதிவிட்டார். அட்டையில் ஒரு மலை. பின்பக்கம், "விடியும்போது இந்த மலை நிறம் மாறுவதை நீங்கள் பார்க்க வேண்டும்" என்று எழுதி, ஓரத்தில் தன் முகவரியையும் சேர்த்துப் பெட்டியில் போட்டார். சாயங்காலம்தான் முகவரிக்குக் கீழே இருந்த வரிகளைப் படித்தார். "பிறந்ததிலிருந்தே எனக்குப் பார்வை இல்லை. அட்டைகளைத் தம்பி படித்துக் காட்டுவான்."

மனைவியைக் கூப்பிட்டு அந்த வரிகளைப் படித்துக் காட்டினார்.

"பாக்கணும்னா எழுதினீங்க?" என்றாள் மனைவி. அவள் சிரிக்கவில்லை.

"ஆமா."

"நல்ல ஆளு போங்க."

மறுநாள் தபால் ஆபீஸ் திறக்கும் முன்பே வாசலில் நின்றார். "நேத்துப் போட்டதைத் திருப்பி எடுக்கணும்."

கவுண்டர் பெண் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அது நேத்தே கிளம்பிடுச்சு சார். லவ் லெட்டரா?"

"இல்லம்மா. மலை."

"மலைதானே, எங்க ஓடிடப்போகுது? விடுங்க."

விட முடியவில்லை. மன்னிப்புக் கேட்டு எழுதினாலும் தம்பிதான் படிப்பான். பார்வையில்லாத அந்த அக்காவின் கைக்கே நேராக ஏதாவது போக வேண்டும். அட்டையில் மெழுகை உருக்கிவிட்டு, தடவினால் தட்டுப்படும்படி மலையை எழுப்பினார். பல்லின் வளைவுக்குப் படும் பாட்டைவிட அதிகமாகவே பட்டார். எடுத்துப் போய்க் கவுண்டரில் வைத்தார். கவுண்டர் பெண் ஆசையாகத் தடவினாள். உச்சி அவள் நகத்தோடு வந்துவிட்டது.

"நான் ஒண்ணும் பண்ணல சார், அதுவாவே வந்துடுச்சு. முத்திரை மெஷின்ல போனா மீதியும் நசுங்கிடும்."

மொட்டை மலையோடு திரும்பினார். அதற்குப் பிறகு எந்த அட்டையும் எழுதவில்லை. எங்கோ ஒரு வீட்டில் தம்பி அந்த வரியைப் படித்துக் காட்ட, அக்கா கேட்டுக்கொண்டிருப்பதே கண்முன் வந்து நின்றது.

பல வாரம் கழித்து அந்த வீட்டிலிருந்தே ஓர் அட்டை வந்தது. படம் இல்லாத வெற்று அட்டை. சீரான கையெழுத்து.

"அக்கா சொல்லச் சொல்லத் தம்பி நான் எழுதுகிறேன்; இனி வருவது அவள் வார்த்தைகள். உங்கள் மலையைத் தம்பி விவரித்தான். அது இருக்கட்டும். அட்டையைக் கையில் வாங்கியதுமே ஒரு வாசனை வந்தது. இனிப்புப் போல ஆரம்பித்து மூக்கின் உச்சியில் குத்துகிறது. இதுவரை நான் அறியாதது. அட்டையைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். அது எந்த இடத்து வாசனை? நீங்கள் நிற்கும் இடம்தானே?"

கையை முகர்ந்தார். ஒன்றுமில்லை. சட்டை, வேலை அறையின் மேஜை, அங்கே அட்டைகள் வைக்கும் இழுப்பறை எல்லாவற்றையும் முகர்ந்தார். எதிலும் ஒன்றுமில்லை.

வீட்டுக்குப் போனதும், "இந்தா, என் மேல ஏதாவது வாசனை வருதா?" என்றார்.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து வருது" என்றாள் மனைவி. "பவுடர்ல குழைக்கிறீங்களே, அந்த லிக்விட் நாத்தம். எதுக்கு உங்க சட்டையைத் தனியா துவைக்கிறேன்னு நெனச்சீங்க?"

"சொன்னதே இல்லையே!"

"எதுக்குச் சொல்லணும்? நீங்க படியேறும்போதே வந்துட்டீங்கன்னு தெரிஞ்சிடும். எனக்கு அது வசதி."

அவர் அட்டையை எடுத்து மறுபடி படித்தார். ஸ்டாம்பு ஒட்டியது மலைக்கு. அவருடைய வேலை அறை ஸ்டாம்பே இல்லாமல் போய்ச் சேர்ந்திருக்கிறது. இத்தனை வருஷமாக உள்ளேயே இருந்தவருக்குத் தெரியாத அறையைக் கடலுக்கு அந்தப்பக்கம் ஒருத்தி அடையாளம் கண்டுவிட்டாள்.

மறுநாள் லிக்விட் ஜாடியின்மேல் ஒரு வெற்று அட்டையைச் சாய்த்து வைத்துவிட்டு வேலை பார்த்தார். மாலையில் முகவரியை எழுதினார். பின்பக்கத்தில் ஒரே வரி: "தம்பிக்கு, இதில் படிக்க ஒன்றுமில்லை. அக்காவிடம் கொடுத்துவிடுங்கள்."

முகர்ந்து பார்த்தார். வெறும் அட்டைதான். சந்தேகம் தீரவில்லை. வீட்டுக்கு எடுத்துப்போய் மனைவியின் மூக்கருகே நீட்டினார்.

அவள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "சேந்துடும், போய்ப் போடுங்க."