தங்கை கடையில் ஏற்றுமதித் தேயிலை

1993 தை மாதம், ஒரு வியாழக்கிழமை காலை ஏழரைக்கு மதுரையில் பஸ் ஏறினேன். கொழும்பிலிருந்து திருச்சிக்கு விமானம், அங்கிருந்து மதுரை. கப்பல் நின்றுபோய் வருஷங்களாகிவிட்டதால் ஏழைக்கும் ஆகாய மார்க்கம்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் எழுபத்துநாலு கிலோமீட்டர், ராஜபாளையம் இன்னும் பன்னிரண்டு. மடியில் ஒரு கிலோ தேயிலைப் பொட்டலம். ராஜபாளையத்தில் இருக்கும் என் தங்கை செல்லத்தை இலங்கை மலைநாட்டு அட்டனுக்கே திரும்பி வரச் சொல்லும்படி அம்மா என்னை அனுப்பியிருந்தாள். அவள் இப்போது இந்தியப் பிரஜை, சட்டப்படி அது லேசான காரியமில்லை என்றால் அம்மா காதில் வாங்கினால்தானே!

கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் மேற்கே மலை கூடவே வந்தது. பக்கத்து சீட்டில் மம்சாபுரத்து விவசாயி ஒருவர்.

"சிலோனா? அங்க பஞ்சம்னு சொன்னாகளே, இப்ப எப்படி?" என்றார்.

நான் பள்ளிக்கூடத்து வாத்தியார், கேட்டால் விடுவேனா? சுதந்திரம் வாங்கின கையோடு தோட்டத்து ஜனங்களின் குடியுரிமையைப் பறித்ததில் தொடங்கினேன். தேயிலை விற்று அரிசி வாங்கிய நாடு; தேயிலை விலை விழுந்ததும் அரிசியும் குறைந்தது. எழுபதுகளில் ரொட்டிக்கு விடியுமுன்பே வரிசை, தோட்டத்து லயன் குடியிருப்புகளில் மரவள்ளிக்கிழங்குக்கே தட்டுப்பாடு. வெள்ளைக்காரக் கம்பெனிகளின் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. 77க்குப் பிறகு இறக்குமதிக்குக் கதவைத் திறந்துவிட்டார்கள். கடையெல்லாம் ஜப்பான் சாமான். இப்போது தோட்ட நிர்வாகம் மறுபடியும் கம்பெனிகளிடம். நான் மூச்சு விட்டபோது ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துவிட்டது.

"செத்த நேரத்துல அம்புட்டையும் சொல்லிட்டீகளே" என்று கும்பிட்டு இறங்கினார். புகழ்ந்தாரா, தப்பித்தோம் என்று போனாரா, தெரியவில்லை.

பத்தரைக்கு ராஜபாளையம். தங்கை புருஷன் வேலை பார்க்கும் மில்லின் வாசலுக்கு எதிரே தகரக் கொட்டகையில் டீக்கடை, அடுப்பருகே செல்லம். அந்தப் பஞ்ச காலத்தில் புருஷனோடு தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பலேறியபோது எலும்பும் தோலுமாக இருந்தவள், இப்போது நன்றாகச் சதை போட்டிருந்தாள். பார்த்ததும் எனக்குப் பாதி வயிறு நிறைந்துவிட்டது.

"ஏண்ணே, வாரேன்னு ஒரு தந்தி அடிக்கப்படாதா?"

பேச்சே இந்த ஊர்ப் பேச்சாகிவிட்டது.

பொட்டலத்தைக் கொடுத்தேன். ஏற்றுமதிக்கென்று கட்டிய முதல்தர இலை. தோட்டத்தில் கொழுந்து பறித்தவள் அவள். ஆனால் எங்களுக்குக் குடிக்கக் கிடைத்ததெல்லாம் கடைசித் தூள்தான். அவளுக்கு முகமெல்லாம் பூரிப்பு. மூன்றரைக்கு ஷிப்ட் விட்டதும் எல்லாருக்கும் அதையே போட்டாள். ஒரு மில் தொழிலாளி ஒரு வாய் குடித்துவிட்டு கிளாஸைத் தூக்கிப் பார்த்தார். பால்தான் தெரிந்தது, நிறம் ஏறவில்லை.

"ஏக்கா, டீத்தூள் தீந்துபோச்சா?"

"ஏலே, வெள்ளைக்காரன் குடிக்கிற டீ அது!"

"அவன் பாவம்க்கா. நமக்கு எப்பவும் போடுறதப் போடுங்க."

கடையே சிரித்தது. செல்லம்தான் எல்லாரையும்விட அதிகம் சிரித்தாள். கூட்டம் கலைந்த பிறகு பால் விடாமல் தனக்கு ஒரு கிளாஸ் போட்டுக்கொண்டு, மெல்லக் குடித்தாள்.

"வாசமாத்தான் இருக்கு. இதுக்காகவா அம்புட்டு அட்டைக்கடி பட்டோம்?" என்றாள்.

 அந்தச் சாக்கில் அம்மா சொல்லியனுப்பியதைச் சொல்லிவிட்டேன். ஊரில் இப்போது பசி இல்லை, அம்மாவுக்கு உன்னைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை என்று.

அவள் கிளாஸைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"அங்க கொழுந்த நான் பறிச்சேன்; கூலிய தொரை சொன்னாரு. தொரை போனாரு, பொறவு அரசாங்கம் சொல்லுச்சு. இங்க ஒரு டீ எம்புட்டுன்னு நான் சொல்லுதேன். வரமாட்டேன்ணே. நீ அம்மாவக் கூட்டிட்டு வா. கல்லாவுல உக்கார வைக்கேன்."

மறுநாள் காலை எட்டு மணிக்கு மதுரை பஸ். அம்மா அறுபது வயது வரை முதுகில் கூடையோடு மலைச்சரிவில் நின்றவள். அவள் உட்கார்ந்து வேலை செய்து நான் பார்த்ததே இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் வருவதற்குள் முடிவு செய்துவிட்டேன், அம்மாவைக் கொண்டுவந்து விடுவதென்று.