இல்லாத கால்வாயைத் தூர்வாரிய கதை

நம் வீட்டு வாசலில் ஓடும் கால்வாயைப் பற்றி நகராட்சியில் கேட்டால், அது பழைய கால்வாய், இப்போதுதான் பழுது பார்த்தோம் என்பார்கள். நீங்கள் இருவரும் பெரியவர்களாகி அதை நம்பிவிடக் கூடாது. கால்வாய் புதிதுதான். அதைப் பழையது என்று சொன்னால்தான் கட்ட முடியும் என்று ஆகிவிட்டது. அது நடக்கும்போது நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தீர்கள். பாதிதான் தெரிந்திருக்கும்.

நம் தெரு பள்ளத்தில் இருக்கிறது. ஜி.எஸ்.டி. மெயின் ரோட்டில் பெய்யும் மழையும் வந்து நம் வாசலில்தான் உட்காரும். ஒரு ஐப்பசி மழையில் தண்ணீர் முன் அறைக்குள் வந்தது. அம்மா தைத்து மடித்து வைத்திருந்த ஜாக்கெட்டெல்லாம் அழுக்குத் தண்ணீரில் ஊறிவிட்டன. அதில் படாளத்திலிருந்து வந்த கல்யாணப் பெண்ணின் பட்டு ஜாக்கெட்டும் ஒன்று. அந்தப் பெண்ணின் அம்மா சத்தம் போடவில்லை. துணியை விரித்துப் பார்த்துவிட்டு, பையில் போட்டுக்கொண்டு போனார். திட்டியிருந்தால் உங்கள் அம்மா தாங்கியிருப்பாள்.

அன்றைக்கு அவள் சொன்னாள்: "இன்னொரு வாட்டி தண்ணி உள்ள வந்துச்சின்னா மெஷின வித்துடுவேன். உங்க பஸ்ல எனக்கும் ஒரு சீட்டு போட்டு வைங்க. கம்பெனிக்கே போறேன்."

மறைமலைநகர் கம்பெனிக்கு ஆள் ஏற்றிப் போகும் பஸ்ஸை ஓட்டுகிறவன் நான். விடியும் முன்னே ஏறி, உட்கார்ந்த உடனே வாயைப் பிளந்து தூங்கும் பெண்களைக் கண்ணாடியில் தினமும் பார்க்கிறேன். அந்த வரிசையில் உங்கள் அம்மாவை வைத்துப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. இருந்தாலும் அவள் சொன்னதால் கம்பெனி மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்தேன்.

தெருவில் எல்லோரும் கூடினோம். கவுன்சிலரம்மாவிடம் கால்வாய் கேட்பது என்று முடிவானது. கவுன்சிலரம்மாவிடம் கேட்பது என்றால் அவர் வீட்டுக்காரரிடம் கேட்பது. ஓட்டு வாங்கியது அந்தம்மா, போன் எடுப்பது அவர். "பண்ணிடலாம்பா" என்றார். எதிர் வீட்டு பிரியாணிக் கடைக்காரர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டார். கட்சிக் கூட்டங்களுக்கு பிரியாணி போட்டுப் போட்டு அரசியல் தெரிந்தவர் அவர்.

"கேட்டா மறந்துடுவாங்க அண்ணாத்த. நன்றி சொல்லிடணும். நன்றின்னு பேனர் வெச்சிட்டா செய்யாம எப்டி இருப்பாங்க? மானப் பிரச்சன ஆயிடும்."

எங்களுக்கு அது நியாயமாகவே பட்டது. நம் ஊரில் வேலை முடிந்த பிறகு நன்றி சொன்னவர்களை நான் பார்த்ததில்லை. முன்னாலேயே சால்வை போட்டுவிடுவார்கள். மகாபலிபுரம் ரோட்டில் ஒரு பிளெக்ஸ் கடைக்குப் போனோம். "எங்கள் தெருவுக்குக் கால்வாய் தந்த கவுன்சிலருக்கு நன்றி" என்று எழுதச் சொன்னோம். கடைப் பையன், கும்பிட்டபடி நிற்கும் கவுன்சிலரம்மா படத்துக்குக் கீழே கொஞ்சம் இடம் காலியாக இருக்கிறது என்று சொல்லி, கம்ப்யூட்டரில் தேடி ஒரு கால்வாயின் படத்தையும் போட்டுக் கொடுத்தான். கான்கிரீட் போட்ட, இரண்டு பக்கமும் பூச்செடி வைத்த கால்வாய். எந்த நாட்டுக் கால்வாயோ தெரியாது. அதில் ஓடிய தண்ணீரைக் குடிக்கலாம் போலிருந்தது. தெருமுனையில் கட்டினோம். ஏணியைப் பிடித்தவன் நான்தான்.

அடுத்த மன்றக் கூட்டத்தைப் பார்க்கப் போனோம். பின்பக்கம் பார்வையாளர் பெஞ்சு. கவுன்சிலரம்மா முன்னால் உட்கார்ந்திருந்தார். எல்லா வேலையையும் பார்க்கும் அவர் வீட்டுக்காரர் எங்களோடு பெஞ்சில் உட்கார்ந்து, கூட்டம் முழுக்கச் சைகை காட்டிக்கொண்டிருந்தார்.

முதலில் கொசு மருந்து மெஷின். அது ரிப்பேர் என்றார்கள். பிறகு தெருநாய். பிறகு வரவேற்பு வளைவு. வளைவுக்குத்தான் அதிக நேரம் ஆனது. "மகாபலிபுரம் போற வெள்ளக்காரன் நம்ம ஊர் வழியாதான் போறான். அவன் பாத்தா இன்னா நெனைப்பான்?" என்று ஒரு உறுப்பினர் கேட்டார். அவன் பைபாஸில் போய்விடுகிறான் என்று யாரும் சொல்லவில்லை. எல்லோரும் மேஜையைத் தட்டினார்கள். மிக்சரும் டீயும் வந்தன.

கடைசியில் நம் தெருக் கால்வாய்க்கு ஒதுக்கிய நிதி பற்றிய பேச்சு வந்தது. தலைவர் நிமிர்ந்து, "அங்க கால்வாய் முடிஞ்சிடுச்சே?" என்றார்.

பொறியாளர் எழுந்து தன் போனை நீட்டினார். அதில் எங்கள் பேனர். அவர் தெருவுக்குள் வரவில்லை, முனையிலேயே படம் எடுத்துக்கொண்டு திரும்பியிருக்கிறார். பேனரில்தான் கால்வாயே தெரிகிறதே, உள்ளே வந்து என்ன பார்ப்பது?

"பொதுமக்களே நன்றி சொல்லிக்கிறாங்க," என்றார் தலைவர். "இந்த மாதிரி ஒரு வார்டு இருக்கறது நமக்கெல்லாம் பெருமை. அந்த நிதிய பக்கத்துத் தெருவுக்கு மாத்திக்கலாம். அவங்க தெனம் ரோட்ட மறிச்சிகினு கீறாங்க."

கவுன்சிலரம்மா எங்களைத் திரும்பிப் பார்த்தார். கால்வாய் இல்லை என்று சொன்னால், கும்பிட்டுக்கொண்டு நிற்கும் தன் படம் பொய் என்றாகும். இருக்கிறது என்றால் கால்வாய் போய்விடும். பிறகு சபைக்குக் கும்பிடு போட்டார். மேஜைகள் தட்டப்பட்டன. பிரியாணிக் கடைக்காரர் எழுந்து, "ஐயா, கால்வாயே இல்லைங்க," என்று ஆரம்பித்தார். "பார்வையாளர் பேசக்கூடாது, உக்காருங்க," என்றார்கள். கவுன்சிலர் வீட்டுக்காரரும் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்து, "எனுக்கே பேச உரிமை இல்ல, நீ வேற," என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டாள். "நன்றி சொன்னதுக்கு இருந்ததும் போச்சா," என்றாள். அவ்வளவுதான்.

மறுநாளே கொத்தனாரை வரச் சொன்னாள். முன் அறை வாசலில் முழங்கால் உயரத்துக்குத் தடுப்புச் சுவர், அதைத் தாண்டி வர வெளியே தெருவில் இரண்டு படி. துணி கொடுக்க வருகிறவர்கள் ஏறி, சுவரைத் தாண்டி, மறுபடி இறங்க வேண்டும். முட்டி வலிக்காரர்கள் தெருவிலிருந்தே அளவு ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பாதிப் பேர் வேறு தையல்காரரைத் தேடிக்கொண்டார்கள். தண்ணீர் உள்ளே வராமலேயே மெஷின் ஓய்ந்துவிடும் போலிருந்தது.

மழைக்காலத்துக்கு முன்னே நகராட்சி ஆட்கள் ஊரைச் சுற்றினார்கள், கால்வாய்மேல் படி கட்டியவர்களின் படியை இடிக்க. எங்கள் தெருவுக்கும் வந்தார்கள். அதே பொறியாளர். நகராட்சியிலிருந்து ஒருவர் தெருவுக்குள் வந்தது அதுதான் முதல் முறை என்பதால் நான் ஓடிப்போய் நாற்காலி போட்டேன். அவர் உட்காராமல் படியைக் காட்டினார்.

"இது கால்வாய்மேல கீதும்மா. எடுத்துடணும்."

"எடுத்துடறேன் சார். எந்தக் கால்வாய்?" என்றாள் அம்மா.

"இந்தத் தெருக் கால்வாய்தான்."

"எங்க கீதுன்னு காட்டுங்க. காட்டிட்டீங்கன்னா நானே இடிக்கிறேன், நீங்க ஆள் வெக்க வேணாம்."

அவர் படிக்கு இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். கூட வந்தவரிடமிருந்து கம்பியை வாங்கித் தரையில் குத்தினார். மண்தான். நான்கு வீடு தள்ளிப் போய்க் குத்தினார். பிரியாணிக் கடைக்காரர் தன் கடை வாசலிலிருந்து, "சார், இன்னும் கொஞ்சம் லெப்ட்ல குத்துங்க, அங்கதான் பூச்செடி இருந்துச்சி," என்றார். தெருவே சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை. "சார், மழ வந்தா என் பொழப்பு போயிடும். இல்லன்னாவது இல்லன்னு சொல்லிட்டுப் போங்க," என்றாள்.

அவர் முகம் மாறியது. உடனே கவுன்சிலர் வீட்டுக்காரருக்குப் போன் போட்டார். அவரும் வண்டியில் வந்து சேர்ந்தார். இரண்டு பேரும் வேப்பமரத்தடியில் நின்று நெடுநேரம் பேசினார்கள். இல்லை என்று இப்போது சொன்னால், முடிந்துவிட்டது என்று சபையில் சொன்னது யார் என்ற கேள்வி வரும். பூமிக்குள் போன கால்வாய்க்கு ஒரு வழிதான் இருந்தது.

அடுத்த கூட்டத்தில், நம் தெருவில் மண் மூடிப்போன பழைய கால்வாயைத் தூர்வாரிச் சீரமைப்பது என்று தீர்மானம் வந்தது. யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. தலைவர் "ஆல் பாஸ்" என்றார். மண் இந்த அளவுக்கு மூடும்வரை தெருக்காரர்கள் சும்மா இருந்தது வருத்தம் தருகிறது என்றும் சொன்னார். நாங்களும் வருத்தமாக முகத்தை வைத்துக்கொண்டோம்.

ஜே.சி.பி. வந்து, இல்லாத கால்வாயை ஆழமாகவே தூர்வாரியது. படியை அம்மா சொன்னபடி தானே கடப்பாரை வாங்கி இடித்தாள். தடுப்புச் சுவரையும் சேர்த்து இடிக்கத் தொடங்கினாள்.

"அது இருக்கட்டுமே, கான்கிரீட் போடற வரிக்கும்," என்றேன்.

"இது இருந்தா எவ வருவா?" என்றாள்.

கான்கிரீட் போடும் முன்னே மழை பிடித்துக்கொண்டது. மதியம், எனக்கு ஷிப்ட் இல்லாத நாள். வெறும் மண் பள்ளம், மேலே ஒரு பலகை. ரோட்டுத் தண்ணீர் முனையில் திரும்பி நம் தெருவுக்குள் வருவதைப் பார்த்தேன். அம்மா மெஷினை விட்டு எழுந்து வாசலில் வந்து நின்றாள். கையில் யாருடைய துணியோ இருந்தது. தண்ணீர் பள்ளத்தில் விழுந்து, கரையை அரித்துக்கொண்டு, செம்மண் நிறத்தில் ஏரிப் பக்கம் ஓடியது. பலகை வரை ஏறியது. பலகைக்கு மேலே வரவில்லை.

பிறகு அவள் உள்ளே போய் உட்கார்ந்தாள். மெஷின் சத்தத்துக்கு நடுவே அவள் குரல் வந்தது.

"மேனேஜர் கிட்ட சொல்லி வெச்சீங்க இல்ல? வேணாம்னு சொல்லிடுங்க."